ரேம் என்னும் கரும்பலகையின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டபின் படியுங்கள்.

"கம்ப்யூட்டர் பழசாயிருச்சு, புதுசு வாங்கணும்" என்ற பேச்சு இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறது. எது பழசாயிற்று என்று கேட்டால் பதில் வராது. "ஸ்லோவா இருக்கு" என்பார்கள். பெட்டிக்குள் ஒரு சாண்கூட நீளமில்லாத பச்சை அல்லது கறுப்பு நிறப் பலகை ஒன்று செருகப்பட்டிருக்கிறது. அதன் பெயர் ரேம். பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும். இந்தப் பலகைக்கு எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் புதுசு வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ரேம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் பாடம் நடத்திய வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் ஒரு பீரோ. அதில் வருடக்கணக்கான நோட்டும் புத்தகமும் இருக்கும். ஆனால் கணக்கைப் போடுவது பீரோவிலா? கரும்பலகையில்தானே! வேண்டிய நோட்டை எடுத்துவந்து, வேண்டியதைப் பலகையில் எழுதி, கணக்கைப் போட்டு முடித்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போவோம். கணினியில் ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும் பீரோ. ரேம்தான் கரும்பலகை. மின்சாரம் நின்றால் பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடும்.

பலகை சிறிதாக இருந்தால் என்ன ஆகும்? பாதிக் கணக்கை அழித்துவிட்டு மீதியை எழுத வேண்டும். அழித்தது மறுபடி தேவைப்பட்டால் பீரோவைத் திறந்து தேட வேண்டும். டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வகுப்பு மெதுவாகத்தான் நகரும். கணினி திக்குவதும் பல நேரம் இப்படித்தான்.

இந்தக் கரும்பலகையைச் செய்வதுதான் கணினியைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. கூட்டிக் கழிக்கும் சுற்றுகளை அவர்கள் சீக்கிரமே செய்துவிட்டார்கள். போட்ட விடையை ஒரு நொடி வைத்திருக்க இடம் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடி வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். பழைய டிவியில் இருந்ததே, படக்குழாய், அதுபோன்ற ஒரு குழாயின் திரையில் மின் புள்ளிகளாக எண்களைப் பதித்தார்கள். பதித்த புள்ளி ஒரு நொடிக்குள் மங்கிவிடும். மங்குவதற்குள் படித்து, அதே இடத்தில் திரும்ப எழுதினார்கள். இந்த வேலை ஓயாமல் நடந்தது. அதை வைத்துச் செய்த இயந்திரம் 1948 ஜூன் 21 அன்று தன் நினைவகத்திலேயே வைத்திருந்த ஒரு நிரலை முதன்முதலாக ஓட்டிக்காட்டியது. அதற்கு 'பேபி' என்று செல்லப்பெயர். அதன் மொத்த நினைவு 1,024 பிட். பிட் என்பது ஒரே ஒரு 'ஆம்' அல்லது 'இல்லை'. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 128 பைட். இந்தப் பத்தியை எழுதவே அது போதாது.

அடுத்த ஆண்டு, 1949 மே மாதம், கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் எட்சாக் என்ற கணினியை ஓட்டினார்கள். அவர்கள் நினைவகமாக வைத்தது பாதரசம்! ஏறக்குறைய ஐந்தடி நீளக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, ஒரு முனையில் ஒலித்துடிப்புகளை அனுப்பினார்கள். மறுமுனைக்கு அவை போய்ச்சேரச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சிறிது நேரம்தான் நினைவு. வந்துசேர்ந்த துடிப்பைப் பிடித்து மறுபடி முதல் முனைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பாட்டை ஒரு பிள்ளை சொல்ல, அடுத்த பிள்ளை வாங்கிச் சொல்ல, வகுப்பு முழுக்கச் சுற்றிவருமே, அதே வேலைதான். எங்காவது ஒரு பிள்ளை நிறுத்தினால் வாய்ப்பாடு நின்றுபோகும்.

பிறகு வந்தது காந்த வளையம். இதில் இரண்டு பெயரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஆன் வாங். ஷாங்காயில் பிறந்து 1945இல் அமெரிக்கா போனவர். ஹார்வர்டில் ஆய்வு செய்தபோது அவர் எதிர்கொண்ட சிக்கல் இது: காந்த வளையத்தில் எழுதியதைப் படிக்கும்போதே அது அழிந்துவிடுகிறது. எல்லோரும் அழியாமல் படிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, அழிந்தால் அழியட்டும், படித்த கையோடு திரும்ப எழுதிவிடலாம் என்று அவர் கண்டார். இன்னொருவர் எம்ஐடியின் ஜே பாரஸ்டர். வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளில் கோர்த்து, எந்த வளையத்தை வேண்டுமானாலும் நேரடியாகத் தொடும்படி அடுக்கினார். 1953இல் வேர்ல்விண்ட் என்ற கணினியில் அது வேலை செய்தது. ரேம் என்ற பெயருக்கே பொருள் அதுதான். முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல், வேண்டிய இடத்தை நேராகப் போய்த் தொடலாம்.

1956இல் வாங் தன் காப்புரிமையை ஐபிஎம் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார். பாரஸ்டரின் காப்புரிமைக்காக அதே ஐபிஎம் 1964இல் 1.3 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. வாங்கின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.

அந்த வளையங்களைக் கோர்த்தவர்கள் யார்? பெண்கள். ஊசிக்காது போன்ற வளையத்துக்குள் மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து நுழைத்தவர்கள். நம் ஊர்த் தறியில் பாவும் ஊடும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பலகையின் படத்தைக் காட்டினால் உடனே புரிந்துவிடும். தொடக்கத்தில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் செலவானது. இன்று சாதாரண வீட்டுக் கணினியில் இருக்கும் 8 ஜிபி என்பது 6,871 கோடி பிட். அந்த விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,871 கோடி டாலர்!

நம் நாட்டிலும் இது நடந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் ஒரு கணினியை இங்கேயே கட்டினார்கள். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1960இல் வேலைக்கு வந்த அந்த இயந்திரத்துக்கு 1962இல் நேரு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். அதிலும் காந்த வளைய நினைவகம்தான். 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கேபி. கைபேசியில் வரும் 'காலை வணக்கம்' படம் ஒன்றைக்கூட அதில் வைக்க முடியாது. அதை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்தார்கள்.

1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது கலத்தில் இருந்த கணினிக்கு நிரலை வைக்க 36,864 சொற்களும், வேலை செய்ய 2,048 சொற்களும் மட்டுமே இடம். ஒரு சொல்லுக்கு 16 பிட் என்றால் கரும்பலகை வெறும் 4 கேபி. நிரல் முழுவதும் கம்பியால் நெய்யப்பட்டது. வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அமெரிக்காவின் வால்தம் நகரத்தில், துணி ஆலையிலும் கடிகார ஆலையிலும் பழகிய பெண்களின் கைகள் அதை நெய்தன.

இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது தெரியுமா? தேவையில்லாத ஒரு ரேடார் கணினியின் நேரத்தைத் தின்றதால் வேலைகள் முடியாமல் தேங்கி, தற்காலிக நினைவில் புது வேலைக்கு இடமில்லாமல் போனது. அதைத்தான் அந்த எண் சொன்னது. நல்லவேளை, நிரலை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். கணினி தானே மறுபடி தொடங்கி, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டது. 'இடம் பற்றவில்லை' என்ற பிரச்சினை நிலவுக்குப் போனவர்களுக்கும் இருந்திருக்கிறது!

இனி நம் ரேமுக்கு வருவோம். அதன் தந்தை ராபர்ட் டென்னார்ட். அமெரிக்காவின் டெக்சாஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடத்தில் படிக்கத் தொடங்கியவர். ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் நெஞ்சு நிமிரும். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஒரு பிட்டை வைத்திருக்க ஆறு டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1966இல் அவர் அதை ஒரே டிரான்சிஸ்டராகவும், மின்னூட்டம் வைக்கும் ஒரு சின்ன மின்தேக்கியாகவும் சுருக்கினார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. நம் கணினியில் இருப்பது இன்றும் அந்த அமைப்புதான். 2024இல் தம் 91ஆம் வயதில் அவர் காலமானார். நாளிதழ்களில் பெரிதாக வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். வற்றுவதற்குள் நிரப்ப வேண்டும். இன்றைய ரேமில் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி நொடிக்குள் ஒரு தடவை படித்துத் திரும்ப எழுதுகிறார்கள். நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல். படக்குழாயில் செய்தது, பாதரசத்தில் செய்தது, வாங் செய்தது, எல்லாமே இந்த ஒரே வேலைதான். தினமும் காலையில் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி உங்களை நான் படுத்தினேனே, அதற்கும் காரணம் இதுதான்.

1970 அக்டோபரில் இண்டெல் நிறுவனம் 1103 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல்நக அளவுச் சில்லுக்குள் 1,024 பிட். மான்செஸ்டரில் ஓர் அறையையே அடைத்த இயந்திரத்துக்கு இருந்த அதே 1,024! இருபத்திரண்டே ஆண்டில். வளையம் கோர்க்கும் தொழில் அதோடு மெல்ல மறைந்தது.

1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அடிப்படை மாடலில் 16 கேபி. கூட்ட வேண்டுமென்றால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் அழுத்திச் செருக வேண்டும். ஒரு கால் மடங்கினால் போச்சு. பல சில்லுகளை ஒரு சிறு பலகையில் பதித்து, ஒரே அழுத்தில் செருகும் முறையை 1983இல் கொண்டுவந்தது எந்த நிறுவனம் தெரியுமா? வாங் லேபரட்டரீஸ். காந்த வளையத்தில் வந்த அதே ஆன் வாங் தொடங்கிய நிறுவனம். இன்று கடைக்காரர் 'ஸ்டிக்' என்று நம் கையில் கொடுப்பது அந்த வழியில் வந்ததுதான்.

அதனால்தான் வீட்டுக் கணினியில் ரேமைக் கூட்டுவது இவ்வளவு எளிது. பழைய கணினியை முழுக்கத் தூக்கி எறியாமல், பற்றாத ஒன்றை மட்டும் சேர்க்கலாம் என்ற வசதி தானாக வந்துவிடவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்து கொடுத்தது.

பிறகு தலைமுறைகள் வந்தன. 2000த்தில் டிடிஆர், அப்புறம் டிடிஆர்2, 2007 வாக்கில் டிடிஆர்3, 2014இல் டிடிஆர்4, 2020இல் டிடிஆர்5க்கான தர விதி. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. கீழே இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். தெரியாதவர்கள் மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி.

விலையின் கதையையும் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் பை இருக்கிறது.

1980களில் ஜப்பானின் என்இசி, ஹிட்டாச்சி, தோஷிபா, புஜிட்சு நிறுவனங்கள் நல்ல தரத்தில், குறைந்த விலையில் நினைவகச் சில்லுகளைக் கொட்டின. அந்தத் தொழிலை வளர்த்த இண்டெல்லால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1985இல் அது நினைவகத் தொழிலையே விட்டு வெளியேறி, பிராசஸர் பக்கம் முழுதாகத் திரும்பியது. கொரியாவின் சாம்சங் 1983இல்தான் உள்ளே வந்தது. அமெரிக்காவின் மைக்ரானிடம் வடிவமைப்பை வாங்கிக் கற்றுக்கொண்டு தொடங்கி, பத்தாண்டுக்குள் ஜப்பானையே முந்தியது. அப்புறம் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவால். ஜப்பானின் எல்பிடா 2012இல் திவால். எல்பிடாவை மைக்ரான் வாங்கிக்கொண்டது. இன்று உலகத்து ரேமில் மிகப் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். சீனாவிலிருந்து ஒரு நிறுவனம் இப்போது வளர்ந்துவருகிறது.

விற்பவர் சிலரே என்றால் என்ன ஆகும் என்று சந்தைக்குப் போகும் நமக்குத் தெரியாதா? 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரத்தில் ஒரு ரசாயன ஆலை வெடித்தது. சில்லுகளை மூடி ஒட்டும் பிசின் பெரும்பங்கு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம். மறுபடி எகிறியது. எங்கோ ஒரு ஊரில் பூமி அசைந்தால் நம் ஊர்க் கடையில் விலை அசையும்.

இப்போது நடப்பது அதைவிடப் பெரிது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் பெரும் கணினிக்கூடங்களுக்கு அடுக்கடுக்கான தனிவகை நினைவகம் வேண்டும். அதில் லாபமும் அதிகம். அதே ஆலைகள், அதே சிலிக்கான் வில்லைகள் அந்தப் பக்கம் திரும்பின. நம்மைப்போன்ற வீட்டுக்காரர்களுக்குச் செய்வது குறைந்தது. 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. அந்த டிசம்பரில், கடைகளில் வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த 'குருஷியல்' பிராண்டையே விட்டுவிடப் போவதாக மைக்ரான் அறிவித்தது. அறுபது ஆண்டாகப் பெரும்பாலும் இறங்கியே வந்த விலை, சாமானியன் கைக்கு எட்டாமல் ஏறத் தொடங்கியிருக்கிறது. இந்தச் சமயத்தில் வேலை செய்கிற ஒரு கணினியைக் குப்பையில் போடுவது, பஞ்ச காலத்தில் குதிரில் இருக்கும் நெல்லைக் கொட்டுவதற்குச் சமம்.

இதை நான் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. என் தம்பியின் பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனிடம் 2018 வாக்கில் வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. 'கேமிங் பிசி' என்று பெயர்தான். ரைசன் 3 2200ஜி பிராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 8 ஜிபி ரேம். பகலில் அதில்தான் கல்லூரி ப்ராஜெக்ட். ராத்திரி அதில்தான் கால்பந்து கேம். இரண்டுமே திக்க ஆரம்பித்துவிட்டன. அவன் அப்பா இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். என்னிடம் வந்து, "அத்தை, புதுசு அம்பதாயிரத்துக்கு மேல சொல்றாங்க. படிப்புக்கு வேணுங்கறான். சங்கிலியை வச்சுரலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"சங்கிலி இருக்கட்டும் கண்ணு. முதல்ல பெட்டியைத் திறந்து பாக்கலாம்" என்றேன்.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவன் ஒருவன் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பெட்டியை அங்கே கொண்டுபோனோம். அவன் மூடியைக் கழற்றாமலே முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். கிராபிக்ஸ் வேலைக்கென்று 2 ஜிபியைக் கணினியே பிடித்துவைத்திருந்தது. மீதி 6 ஜிபியில் விண்டோஸ், பிரவுசர், கேம் மூன்றும் இடித்துக்கொண்டு நின்றன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறைந்துவிட்டது. இடம் இல்லாததால் ஓயாமல் பீரோவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மூடியைத் திறந்தான். "டீச்சர், ஒரே ஸ்டிக்தான் போட்டிருக்காங்க. பக்கத்து ஸ்லாட் ஏழு வருசமா காலியாவே கிடக்குது" என்றான். ஒரு ஸ்டிக் இருந்தால் பிராசஸருக்கு ஒரு பாதை. இரண்டாக இருந்தால் இரண்டு பாதை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரைகிற வேலையும் அதே பாதையில்தான் போய்வர வேண்டும். அதனால் இந்த மாதிரி சிக்கனக் கணினிக்குத்தான் இரண்டாவது ஸ்டிக்கால் மிகுந்த பலன் என்று பேரனுக்கு விளக்கினான். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை! கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

புது ஸ்டிக் விலையைக் கேட்டேன். முந்தைய ஆண்டு விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னான். பிறகு அவனே, ஏதோ அலுவலகத்தில் பழுதாகிக் கழித்த கணினியிலிருந்து எடுத்துவைத்திருந்த டிடிஆர்4 8 ஜிபி ஸ்டிக் ஒன்றைக் காட்டினான். ஏற்கெனவே இருந்தது 2666 வேகம், இது 2400. "குறைஞ்சதோட வேகத்துலதான் ரெண்டும் ஓடும் டீச்சர். ஆனா அந்த நட்டத்தைவிட ரெண்டு பாதை கிடைக்கற லாபம் பெருசு" என்றான். தங்கநிற முனைகளைச் சாதாரணப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்தான். செருகினான். ராத்திரி முழுக்க நினைவகச் சோதனை நிரலை ஓடவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் காசு வாங்கினான். மொத்தச் செலவு, புதுக் கணினி விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

முன்பு நொடிக்கு 25 படம் காட்டத் திணறிய கேம் இப்போது 40க்கு மேல் காட்டுகிறது என்று பேரன் சொன்னான். எனக்கு அதைவிட முக்கியம், ப்ராஜெக்ட் செய்யும்போது கணினி உறையவில்லை. சங்கிலியும் கழுத்தில் இருக்கிறது.

எல்லாக் கணினிக்கும் ரேம் மருந்து ஆகாது. அதையும் சொல்லிவிட வேண்டும். திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறதென்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதை எஸ்எஸ்டி ஆக்க வேண்டும். பிராசஸரே வலுவிழந்துபோயிருந்தால் ரேமைக் கூட்டிப் பயனில்லை. எது பற்றவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் மக்கு என்று ஒதுக்குவது சுலபம். கண் தெரியவில்லையா, காலையில் சாப்பிட்டு வந்ததா, உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர்தான் ஆசிரியர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைத்தான் செய்தேன். பெட்டிக்கும் அதே பார்வை பொருந்துகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்துவைத்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' என்ற இடத்தைப் பாருங்கள். எப்போதும் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறதென்றால் ரேம் பற்றவில்லை. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

2. ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படியுங்கள். 'பிசி3' என்று தொடங்கினால் டிடிஆர்3. 'பிசி4' என்றால் டிடிஆர்4. அதே தலைமுறைதான் வாங்க வேண்டும். மடிக்கணினிக்கு நீளம் குறைந்த வேறு வடிவம். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் மாற்ற முடியாது.

3. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டு லாபமில்லை. இரண்டை 32 தடவை பெருக்கினால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரும். அத்தனை பைட்டுக்கு மேல் அதற்கு முகவரி எழுதத் தெரியாது. முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

4. மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலை செய்யுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும். வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பொருந்தாததை முட்டித் திணிக்காதீர்கள்.

5. பழைய ஸ்டிக் வாங்கினால் சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் பழைய கணினிகள் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. பள்ளியில் கொடுத்த மடிக்கணினிகூடச் சிலர் வீட்டில் அப்படியே இருக்கும். ஒரு நாள் எடுத்துத் துடைத்து, மேலே சொன்னபடி பாருங்கள். உங்களுக்குப் பயன்படாவிட்டாலும் அக்கம்பக்கத்தில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது போதும். உங்களிடம் சும்மா கிடக்கும் ஸ்டிக் வேறொருவர் பெட்டியில் காலியாக இருக்கும் ஸ்லாட்டுக்குப் பொருந்தலாம். வைத்திருப்பவர்களும் தேவைப்படுபவர்களும் எனக்குச் சொல்லுங்கள். சேர்த்துவைக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்